திருப்பத்தூர் நினைவு மண்டபத்தில் எடுத்த ஒரு படம்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும்போதெல்லாம் மருது சகோதரர்களின் நினைவிடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு வருவது என் வழக்கம். பெரிய மருதுவும் சின்ன மருதுவும் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர் அது. ஆண்டுதோறும் அந்த நாளில் மாலைகளும் கூட்டமுமாக நிறைந்திருக்கும் அவ்விடத்தின் வெறுமையைப் படமாக்க விரும்பி, கார்த்திகை மாதக் காலை ஒன்றில் கேமராவோடு போனேன்.

அங்கே மூன்று பையன்கள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அப்பத்தா நிழலில் அமர்ந்திருந்தார். பிள்ளைகள் யாரும் குறுக்கே வராத ஒரு நொடி வாய்க்காதா என்று அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். உள்ளூர எனக்குக் கோபமும் இருந்தது. அப்போது மூத்தவன், 14 அல்லது 15 வயதிருக்கும், ஒடிந்த தென்னைமட்டை ஒன்றை எடுத்து இடுப்பை வளைத்து, வளரி என்ற வளைந்த எறியாயுதத்தை வீசுவதுபோல வீசினான். தம்பிகள் இருவரும் அலறிக்கொண்டு மண்ணில் சாய்ந்தார்கள்.

அந்த வீச்சைப் பார்த்த பிறகு என்னால் கோபப்பட முடியவில்லை. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருதுதான் என்று, பின்னாளில் அவருக்கு எதிராகவே போரிட்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமிக்கு அந்தப் போரின்போது ஏறத்தாழ இந்தப் பையனின் வயதுதான். தூக்குக்குத் தப்பிய அவன், 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்டோருடன் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டான். பல ஆண்டுகள் கழித்து அங்கே அவனைச் சந்தித்த வெல்ஷ், அவன் காலத்துக்கு முன்பே மூப்படைந்து தளர்ந்திருந்ததைக் கண்டு வருந்தியிருக்கிறார். விளையாட வேண்டிய வயதில் ஊரையே இழந்தவனின் தகப்பன் உயிர்விட்ட இடத்தில், அதே வயதுப் பையன் விளையாடுவதை நான் எப்படிக் குற்றம் என்பேன்?

ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதர்களுக்காகப் பெர்லினில் 2005இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 2711 கான்கிரீட் பாளங்கள் நிற்கின்றன. அவற்றின்மேல் தாவியும் சிரித்தும் படமெடுத்துக்கொண்டவர்களின் உருவங்களை வெட்டி, வதைமுகாம்களின் பிணக்குவியல் படங்களோடு ஒட்டி, 2017இல் ஒரு கலைஞர் இணையத்தில் வெளியிட்டார். படத்தில் இருந்தவர்கள் வருத்தம் தெரிவித்ததும் சில நாட்களிலேயே அவற்றை நீக்கிவிட்டார். நினைவிடத்தை வடிவமைத்த பீட்டர் ஐசன்மனோ, அது புதைகுழி அன்று, அதன் அடியில் யாரும் இல்லை என்று விளையாடுவோர் பக்கமே பேசினார். திருப்பத்தூருக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. இங்கே உயிர்கள் பிரிந்திருக்கின்றன. ஆயினும் அந்தக் கலைஞர் செய்ததைப் போல ஒருவரைத் தலைகுனிய வைக்கும் வேலைக்கு என் கேமராவைத் தர நான் சம்மதிக்க மாட்டேன்.

நம் பக்கத்து வழக்கமும் வேறு. நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதிக்குக் குழந்தைகளைக் கூட்டிச் சென்று, கல்வி வரட்டும் என்று அந்த மண்ணை நாவில் தொட்டுவைப்பார்கள். அழும் பிள்ளையும் உண்டு, ஓடும் பிள்ளையும் உண்டு. யாரும் அதட்டிப் பார்த்ததில்லை.

அப்பத்தாவிடம் போய்ப் படமெடுக்கலாமா என்று கேட்டேன்.

"எடுத்துக்கங்க தம்பி. புள்ளைக விளையாடுறதுல என்ன இருக்கு? செலை மேல மட்டும் ஏறக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்," என்றார்.

நான் மனத்தில் தேடிக்கொண்டிருந்த எல்லைக்கோட்டை அவர் முன்பே போட்டு வைத்திருந்தார். தரையோடு தாழ்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு படம் எடுத்தேன். பையனின் முகம் அதில் தெரியாது; ஓங்கிய கையும், காற்றில் சுழலும் மட்டையும், பின்னால் மங்கலாக இரண்டு சிலைகளும் இருக்கின்றன. இங்கே அதை வெளியிடவில்லை. அச்சிட்டு, அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூத்தவன் நெடுநேரம் உற்றுப் பார்த்தான்.

"கை இன்னும் கொஞ்சம் தாழ்ந்து போயிருக்கணும்ல அண்ணே?" என்று கேட்டான்.