பெஞ்சைத் தூக்கிப் போட்டுத்தான் சலூனைத் திறந்தோம்

பெரம்பூர் பக்கம் மூன்று சேர் போட்ட சின்ன சலூன் எங்களுடையது. நான், மச்சான், செய்யாற்றுப் பக்கத்துப் பையன் ஒருவன். கொரோனா ஊரடங்குக்காக 2020 மார்ச் கடைசியில் இறக்கிய ஷட்டர். மே 19-ம் தேதி கிராமங்களுக்கும், 24-ம் தேதி சென்னையைத் தவிர மற்ற ஊர்களுக்கும் சலூன் திறக்க அனுமதி வந்தது. எங்களுக்கு ஜூன் 1. பையன் ஊரில் மாட்டிக்கொண்டான், இ-பாஸ் கிடைக்கவில்லை. பாதி ஆட்களோடுதான் வேலை செய்ய வேண்டும் என்பதும் விதி, அதனால் அவன் வராதது ஒரு வகையில் கணக்குக்குச் சரியாகப் போனது.

அரசு சொன்ன நிபந்தனைகள் இவை: ஏசி போடக் கூடாது, ஒருவருக்குப் போர்த்தியதை இன்னொருவருக்குப் போர்த்தக் கூடாது, வருகிறவரின் பெயர், முகவரி, போன் நம்பர், ஆதார் எண் எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். கேட்க எளிது. ஜூன் மாதச் சென்னை வெயிலில் ஏசி இல்லாமல், மாஸ்க்கும் அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீல்டும் மாட்டிக்கொண்டு காதோரம் லைன் எடுத்துப் பாருங்கள். மூச்சுக்காற்றில் ஷீல்டு மங்கும், வெட்டிய முடி பறந்து வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். துடைத்துத் துடைத்து அலுத்துப்போய் மச்சான் இரண்டாம் நாளே ஷீல்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். மாஸ்க் மட்டும் கடைசிவரை இருந்தது.

வாடிக்கையாளர் மாஸ்க் போட்டிருந்தால் காது மேல் எலாஸ்டிக் இருக்கும், மெஷின் போகாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். இடது பக்கம் வெட்டும்போது இடது காதுக் கயிற்றைக் கழற்றி, மாஸ்க்கைக் கன்னத்தோடு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்வோம். முடிந்ததும் மாட்டிவிட்டு வலது பக்கம். மூக்கு, வாய் திறக்கவே வேண்டாம். ஷேவிங்கும் மீசை ஒதுக்குவதும் இப்படி முடியாது, அதனால் அவற்றை நிறுத்தினோம். "தாடியோட வந்து தாடியோடயே போகவா கடை திறந்து வெச்சிருக்க?" என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. வருமானத்தில் நல்ல பங்கு ஷேவிங்தான் என்பது எனக்குத் தெரியாதா என்ன.

பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தரைக்கும் கைப்பிடிக்கும் சரி. கத்தரியையும் மெஷின் பிளேடையும் அதில் போட்டால் துருப்பிடித்துவிடும். அவற்றுக்கு சர்ஜிக்கல் ஸ்பிரிட். மெல்லிய பிளாஸ்டிக் ஏப்ரன் வாங்கினோம். போர்த்தியதுமே ஆள் வியர்த்துக் கொட்டுவார். அப்புறம் வீட்டிலிருந்தே துண்டு எடுத்து வரச் சொல்லிவிட்டோம்.

ஆதார் விஷயத்தில் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. "முடி வெட்ட வந்தா ரேஷன் கடை மாதிரி கேக்குறியேப்பா" என்றார் ரிட்டயர்டு ரயில்வே ஐயா ஒருவர். தொற்று வந்தால் தேட போன் நம்பர் போதாதா? எழுதிய நோட்டை எங்கள் கடையில் யாரும் வந்து புரட்டிப் பார்க்கவுமில்லை. ஊர்பட்ட பேரின் ஆதார் எண்ணைக் கடையில் வைத்திருப்பது சரியில்லை என்று, நிலைமை அடங்கியதும் நோட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துப் போட்டேன்.

உண்மையில் உதவியது பெஞ்சை எடுத்ததுதான். சலூன் என்றால் முடி வெட்டுகிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம் அதிகம். தினத்தந்தி, டிவி, அரசியல், பக்கத்துக் கடை டீ. எட்டுப் பேர் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும் அந்த இடம்தான் ஆபத்து என்று எனக்குப் பட்டது. பெஞ்சைப் பரணில் போட்டு, கண்ணாடிக் கதவை விரியத் திறந்து, போனில் நேரம் சொல்லி வரவழைத்தோம். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து சலூன் ஒன்றில் தொற்றோடு வேலை செய்த இருவரிடம் முடி வெட்டிய 139 பேரில் ஒருவருக்கும் அறிகுறி வரவில்லை, பரிசோதித்த 67 பேருக்கும் நெகடிவ், எல்லோரும் மாஸ்க் போட்டிருந்ததுதான் காரணமாக இருக்கும் என்று பின்னால் பேப்பரில் படித்தபோது மச்சானுக்குக் காட்டினேன். ஷேவிங்கை நிறுத்தியதில் எங்களுக்குள் இருந்த சண்டை அதோடு ஓய்ந்தது.

ஜூன் 19-ல் சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் மறுபடி முழு ஊரடங்கு. ஜூலையில் திறந்தால் வேறு சிக்கல்: அந்த மாதமும் ஆகஸ்டும் ஞாயிறு முழு அடைப்பு. எங்கள் தொழிலுக்கு ஞாயிறுதான் தீபாவளி. செவ்வாய்க்கிழமை யாரும் தலையில் கத்தரி வைக்க விடமாட்டார்கள், காலங்காலமாக லீவு. ஆக வாரக் கூட்டம் முழுக்கச் சனிக்கிழமை வந்து நின்றது. கூட்டத்தைக் குறைக்கப் போட்ட உத்தரவு எங்கள் வாசலில் கூட்டத்தைச் சேர்த்தது.

வேறு வழியில்லாமல் செவ்வாயும் திறந்தோம். அம்மா திட்டினாள், முதலில் ஈ ஓட்டினோம். வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் வேலை பார்த்த பையன்கள்தான் கூட்டமில்லாத நாள் என்று தெரிந்து வர ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்து கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும். செப்டம்பரில் ஞாயிறு திரும்பக் கிடைத்தது. விதி மீறும் சலூனுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்ற உத்தரவும் அந்த மாதமே வந்தது. நாங்கள் செவ்வாயையும் போன் புக்கிங்கையும் விடவில்லை. ரயில்வே ஐயா மட்டும் இன்றும் போன் பண்ணாமல்தான் வருகிறார், பெஞ்ச் எங்கே என்று கேட்டுக்கொண்டு.