அரிட்டாபட்டியில் பொங்கல் பறவைக் கணக்கு

பொங்கல் லீவில் அரிட்டாபட்டி போக நினைப்பவர்களுக்கு முதலில் வழியும் செலவும். மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வரை பஸ், பிரச்சினையே இல்லை. மேலூரில் ஆட்டோக்காரர் 500 ரூபாய் கேட்டார், பண்டிகை ரேட்டாம். பேசிப் பேசி 350 ஆக்கினால், ஊருக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, கண்மாய் வரை போக இன்னும் 100 என்றார். அநியாயம்! டவுன் பஸ் நேரத்தை விசாரித்து அதிலேயே போங்கள்.

மற்ற செலவு அப்புறம். அங்கே பார்த்த வல்லூறு என்ற வேட்டைப் பறவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் கல்லூரிப் பிள்ளைகள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இருந்தார்கள். குறைந்தது 15 நிமிடம் பார்த்து, தென்பட்டதையும் குரல் கேட்டதையும் எண்ணி, இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். காக்கை, மைனாவைக்கூட விடவில்லை. அதுதான் சரி. அரியதை மட்டும் எழுதினால் சாதாரணப் பறவை குறைவது எப்படித் தெரியும்?

ஆடு மேய்க்கும் அய்யா ஒருவர் வந்து நின்றார். "அங்கிட்டு என்னத்தப் பாக்குறீக? வெள்ளையடிச்ச மாதிரி எச்சம் வழியுதுல்ல, அந்தப் பாறை இடுக்கப் பாருங்க." தொலைநோக்கியைத் திருப்பினால் ஷாஹீன் வல்லூறு! தை பிறந்தால் அந்த இடுக்கில்தான் இருக்குமாம், புறாவை மேலிருந்து வந்து அடிக்குமாம். ஒரு மாணவி விடாமல் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினாள். இந்த மலையைப் பற்றி யார் ஆய்வு எழுதினாலும், அய்யா மாதிரி ஆட்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். வழிகாட்டி என்று ஒரு வரி போட்டு முடித்துவிடக் கூடாது.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. சுமார் 250 வகைப் பறவைகள், அலங்கு என்ற எறும்புத்தின்னி, தேவாங்கு எல்லாம் உண்டு. அப்படிப்பட்ட இடத்தைச் சேர்த்துத்தான் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் திரண்டு எதிர்த்தன, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. இந்த மலையில் என்னென்ன வாழ்கிறது என்று முன்பே எழுதி வைத்திருந்தது எவ்வளவு பெரிய பலம்! பிள்ளைகள் வருடா வருடம் எண்ணியே ஆக வேண்டும்.

மதியம் அய்யா வீட்டில் எங்கள் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல், மொச்சைக் குழம்பு. காசு வாங்க மறுத்துவிட்டார்கள். மொச்சையின் ருசி இன்னும் நாக்கிலேயே இருக்கிறது.

கடை கண்ணி குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம், வல்லூறு மிரண்டுவிடும். கூடு இருக்கும் பாறையின் படத்தை நான் போடப்போவதில்லை, கேட்காதீர்கள்.