புளி பட்ட பொன்னிலை

தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் தாத்தா, தாயகம் திரும்பிய துரை ஒருவரிடம் வாங்கிய பிரெஞ்சு சுவர்க்கடிகாரம் குன்னூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் ஓடுகிறது. 'கார்ட்டெல்' எனப்படும் இவ்வகை, 18ஆம் நூற்றாண்டில் பதினைந்தாம் லூயியின் காலத்தில் செழித்தது. எங்களுடையது அந்தப் பாணியில் பின்னர் செய்யப்பட்டது; இயந்திரத்தின் பின்தகட்டில் ஜப்பி ஃப்ரேர் என்ற பிரெஞ்சுக் கடிகார நிறுவனத்தின் முத்திரையோடு 1855ஆம் ஆண்டு அது பெற்ற பதக்கமும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

வெண்கலத்தில் வார்த்த அதன் சட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் கோயில் தூண்களின் கொடிக்கருக்கு நினைவுக்கு வரும். ஆனால் நம் கொடிக்கருக்கு ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்பச் சுருண்டு செல்ல, இதன் இலைகளோ வேண்டுமென்றே ஒருபக்கம் சாய்ந்து, சிப்பியாக மடிந்து, மறுபக்கம் வேறோர் உயரத்தில் முடிகின்றன. அவ்வளவு கோணலுக்கு நடுவிலும் வட்ட முகப்பு நிலைகுலையாமல் நிற்பதுதான் ரொக்கோகோ எனப்படும் அந்தக் காலப் பாணிக் கலைஞரின் திறமை என்பேன். வார்ப்பிலிருந்து சொரசொரப்பாக வெளிவரும் இலைக்குச் சிற்றுளியால் நரம்பு கீறி, பள்ளங்களில் நுண்புள்ளிகள் அடித்து உயிரூட்டுபவர் தனிக் கைவினைஞர்.

அதன் பிறகே முலாம். பழைய முறையில், பொன்னைப் பாதரசத்தோடு குழைத்துப் பூசி நெருப்பில் காட்டினால், பாதரசம் ஆவியாகிப் பொன் மட்டும் வெண்கலத்தில் பற்றிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்தே முலாம் பூசியவர்கள் பலர் நோயுற்றார்கள் என்பதை என்னால் மறந்து ரசிக்க முடிவதில்லை. இலையின் மேடுகளை மட்டும் கல்லால் தேய்த்து மெருகேற்றிப் பள்ளங்களை அப்படியே விட்டதால், ஒரே பொன் ஓரிடத்தில் மின்னியும் ஓரிடத்தில் மங்கியும் இரண்டு நிறம் காட்டும். 19ஆம் நூற்றாண்டில் பரவிய, மின்சாரத்தால் பொன்னைப் படியவைக்கும் மின்முலாம் பெரும்பாலும் இதைவிட மெல்லியது. எங்கள் கடிகாரத்தில் இருப்பது அதுதான்.

ஒரு போகியன்று சித்தி, குத்துவிளக்குகளோடு சேர்த்து இதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். கீழ்வரிசையில் ஓர் இலையின் பொன் முழுவதும் போய்ச் செம்பழுப்பு வெண்கலம் தெரிந்தது. பித்தளைக்குப் புளி நல்லது. பொன்முலாமோ உலர்ந்த மென்தூரிகைக்கு மேல் எதையும் தாங்காது. செப்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளை உருக்கிச் செய்த எனாமல் முகப்புக்கும் மென்துணியே போதும். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி கூடத்துக்குள் வரும் நாட்களில் எஃகு முட்களில் துரு படிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அந்த இலைக்கு மறுமுலாம் பூசலாம் என்றார்கள். புதுப்பொன்னின் பக்கத்தில் மற்ற இலைகளின் மங்கிய ஒளி பொலிவிழந்து தெரியும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை.