இருட்டறையில் எண்ணிய பொறிகள்

மார்ச் 4, செவ்வாய்

கல்லடி வகுப்பில் இன்று அணுக்கட்டமைப்பு தொடங்கியது. டோல்டன், தோம்சன், ரதர்போர்ட், நீல்ஸ் போர் என்று ஒவ்வொரு விஞ்ஞானியும் சொன்ன அணுவைப் பலகையில் வரிசையாகப் படம் கீறியதும் பின்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்: "சேர், ஒருத்தரும் காணாத சாமானுக்கு எப்படிப் படம் கீறின?"

சரியான கேள்வி. படங்களை அழித்துவிட்டு நிறுவையிலிருந்து தொடங்கினேன். 12 கிராம் காபனோடு 16 கிராம் ஒட்சிசன் சேர்ந்தால் ஒரு வாயு, 32 கிராம் சேர்ந்தால் வேறொரு வாயு. 20, 25 என்று இடையில் எதுவும் கிடையாது. எண்ணக்கூடிய துண்டுகளாகத்தான் பொருள் சேர்கிறது என்று டோல்டன் 1808இல் எழுதியதற்கு இப்படியான கணக்குகளே ஆதாரம். அப்படியிருந்தும் ஒஸ்ட்வால்ட் போன்ற பெரிய இரசாயனவியலாளர் 1900 தாண்டியும் அணுவை நம்ப மறுத்தார்.

மார்ச் 6, வியாழன்

1897இல் தோம்சன் கதோட்டுக் கதிரிலிருந்து இலத்திரனை, அதாவது அணுவுக்குள் இருக்கும் மறை ஏற்றத் துணிக்கையை, கண்டதை விரைவாக முடித்தேன். எனக்கு அவசரம் மான்செஸ்டருக்கு, ரதர்போர்ட்டின் ஆய்வுகூடத்துக்குப் போக.

1909. கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில், மெல்லிய தங்கத் தகட்டை நோக்கி அல்பா துணிக்கைகளை (கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் வீசும் நேர் ஏற்றத் துணிக்கைகள்) விட்டபடி. மார்ஸ்டன் அப்போது பட்டப்படிப்பு மாணவர், வயது 20. கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, நாகசல்பைட்டுத் திரையை நுணுக்குக்காட்டியால் பார்க்க வேண்டும். அல்பா துணிக்கை ஒன்று பட்டால் சின்னதாய் ஒரு பொறி. அதை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எண்ணித்தருகிற கருவி அங்கே மனிதக் கண்தான். தங்கத் தகட்டை ஊடுருவிப் போக வேண்டிய துணிக்கைகளில் மிகச் சில, வந்த பக்கமே திரும்பின. அந்தச் சிலவற்றை "ஏதோ பிழை" என்று தள்ளாமல் ரதர்போர்ட் கணக்குப் போட்டார். 1911இல், அணுவின் நடுவில் ஒரு சின்னக் கரு இருக்கிறது என்ற முடிவு வந்தது.

பொன் அணுவை வெபர் மைதானம் அளவுக்குப் பெருப்பித்தால், கரு நடுவில் கிடக்கும் ஒரு கடலை. திணிவு முழுக்க ஏறத்தாழ அந்தக் கடலையில்! வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் எழும்பவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இரவு வீட்டில் ஒளியை நிறங்களாகப் பிரிக்க, பழைய சீடி ஒன்றைச் சரித்துப் பிடித்து அதில் விளக்குகளைப் பார்த்தேன். மெழுகுதிரியில் நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்து வருகின்றன. சிஎப்எல் பல்ப்பில் பச்சை தனியே, ஊதா தனியே, நடுவில் கறுப்பு இடைவெளி. அந்த ஊதாக் கோடு பல்ப்புக்குள் இருக்கும் பாதரசத்தினுடையது.

ஐதரசன் வாயு ஒளிரும்போது வரும் இப்படியான நிறக் கோடுகளுக்கு 1885இலேயே சூத்திரம் கண்டவர் பாமர் என்ற சுவிஸ் பள்ளி ஆசிரியர். ஏன் அப்படி என்பதற்கு 1913இல் போர் விடை சொன்னார்: இலத்திரனுக்குச் சில சக்தி மட்டங்கள் மட்டுமே உண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும்போது ஒரு குறித்த நிற ஒளி வரும். நாளை சீடியை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

மோஸ்லி. பாடப்புத்தகம் இவருக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். மூலகங்களின் எக்ஸ் கதிர்களை அளந்து, ஆவர்த்தன அட்டவணையில் அவற்றின் வரிசையைத் தீர்மானிப்பது அணுநிறை அல்ல, கருவின் மின்னேற்றமே என்று காட்டினார். கோபால்ற்று நிக்கலைவிடக் கொஞ்சம் பாரம். ஆனாலும் முன்னுக்கு நிற்பது அதனால்தான். 1915 ஓகஸ்டில் கலிப்போலிப் போர்முனையில் கொல்லப்பட்டார். பிள்ளைகள் வயதைக் கேட்டார்கள். 27.

மார்ச் 13, வியாழன்

சட்விக் 1932இல் கண்ட நியூத்திரன், கருவுக்குள் இருக்கும் ஏற்றமில்லாத துணிக்கை. அப்புறம் இலத்திரனை அலையாகக் கணிக்கும் சுரோடிங்கரின் 1926 சமன்பாடு. போர் கீறிய வட்டப் பாதை அதோடு போய்விட்டது; இலத்திரன் இன்ன இடத்தில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்றுதான் இப்போது சொல்லலாம்.

அதே பிள்ளை: "அப்ப இதுக்கு என்ன படம் சேர் கீறுற?"

சோக்கட்டியை அவளிடமே கொடுத்தேன். ஒரு புள்ளி வைத்து, சுற்றிலும் அடர்த்தியாகத் தொடங்கி வெளியே போகப் போக ஐதாகப் பொட்டுப் பொட்டாய்க் குத்தினாள். ஐதரசனுக்கு அது சரி.