பாறைக்குள் புள்ளிகள்

மார்ச் 3, அல்சூர், பெங்களூரு

நான் வடிவமைக்கும் சிறுநூலுக்கு ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் சிள்வண்டு ஹைக்கூவைத்தான் எடுக்கப் போகிறேன். 1689 கோடையில், வடக்கு நோக்கிய நெடும்பயணத்தில், யமதேரா மலைக்கோயிலில் பிறந்தது.

என்ன அமைதி!
பாறைக்குள் ஊறிப் போகும்
சிள்வண்டின் குரல்

பாரதி 1916-லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார். இன்னமும் ஹைக்கூ என்றால் அட்டையில் மூங்கிலும் நிலாவும் போட்டுவிடுகிறோம். என் சிறுநூலில் படம் கிடையாது. வரிகளும் கிடையாது. எழுத்தின் உறுப்புகள் மட்டும்.

மார்ச் 6

பாறை கிடைத்துவிட்டது! 'ற'வைப் பக்கத்தைத் தாண்டும் அளவுக்குப் பெரிதாக்கி, விளிம்பை மட்டும் கோடாக விட்டேன். குன்றின் முதுகு மாதிரி நிற்கிறது.

சிள்வண்டுக்குப் புள்ளி. கவிதையின் சொற்களைக் கணினியில் அவுட்லைன், அதாவது வெறும் வடிவங்கள் ஆக்கி, மெய்யெழுத்துகளின் தலையிலிருந்து புள்ளியை மட்டும் கழற்றி எடுத்தேன். புள்ளி வைத்தால் எழுத்திலிருக்கும் அகரம் அடங்கிவிடும். ஒலியை அடக்குகிற அந்தக் குறிதான் இங்கே ஒலி. பாஷோவும் இரைச்சலை வைத்துத்தானே அமைதியைச் சொல்கிறார்? இது தோன்றியதிலிருந்து வேறெதுவும் ஓடவில்லை.

மார்ச் 11

16 பக்கம். தாள்களை மடித்து நடுவில் பின் அடிப்பதால் நான்கின் மடங்காகத்தான் வரவேண்டும். மூலத்தின் அசைக்கணக்கு 5-7-5. புள்ளிகளும் அதே கணக்கில். முதல் அடியின் கடைசியில் 'யா' என்றோர் அசை கவிதையை வெட்டி நிறுத்துகிறது. அதற்காக எதிரெதிர் பக்கங்கள் இரண்டையும் வெள்ளையாகவே விடுகிறேன். காகிதம் வீண் என்கிறாள் தோழி. அந்த வெள்ளையை எடுத்துவிட்டால் புத்தகமே இல்லை.

மார்ச் 14, சுல்தான்பேட்டை

கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே அச்சகம். நடத்துகிற அண்ணன் வேலூர்க்காரர். 130 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) ஆர்ட் பேப்பரை, கனமான வழவழப்புத் தாளை, எடுத்துப் போட்டார். நான் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ கேட்டேன், மெல்லிய சாதாரணத் தாள்.

"மை பின்னாடி தெரியும் தம்பி."

"அதுதாண்ணே வேணும்."

கையோடு கொண்டுபோன டம்மியை, மாதிரிப் புத்தகத்தை, திருப்பிக் காட்டினேன். முன்பக்கத்தில் அடித்த கரும்புள்ளிகள், பின்பக்கத்தில் 'ற'வின் கோட்டுக்குள்ளே மங்கிய சாம்பலாக இறங்கியிருந்தன. அண்ணன் தாளை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"ஒரு மில்லி தள்ளினாலும் இந்த ஓரத்துப் புள்ளி கோட்டுக்கு வெளிய போயிடுமே?"

"ஆமாண்ணே."

"அப்ப இத பையன்கிட்ட விட முடியாது. மெஷின்ல நானே நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் புரூஃப், சோதனை அச்சு.