கண்ணாடிக்குள் காற்று, காற்றில் ஒளி

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து செஞ்ச ஃபைபர் (ஒளி வழியா தகவல் கொண்டுபோற மெல்லிய இழை) பத்தி 2025ல் வந்த ஆய்வுக் கட்டுரையைப் படிச்சதுல இருந்து மனசு அதுலயே கிடக்கு. நடுவுல கண்ணாடியே கிடையாது, காற்றுதான். கிலோமீட்டருக்கு இழப்பு 0.091 டெசிபல்தான் (ஒளி எவ்வளவு குறையுதுன்னு சொல்ற அளவு)! 1966ல் ஃபைபர் ஆய்வாளர் சார்லஸ் காவ் கட்டுரை எழுதினப்போ கண்ணாடியில கிலோமீட்டருக்கு 1000 டெசிபல் போயிட்டிருந்தது. 20க்குக் கொண்டுவந்தா தொலைத்தொடர்புக்குப் போதும்னார். கார்னிங்ங்கிற அமெரிக்கக் கண்ணாடி நிறுவனம் 1970ல் கொண்டுவந்தது. வேகத்தையும் பாருங்க. சாதாரண ஃபைபர்ல ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், இதுல கிட்டத்தட்ட 3 லட்சம்.

வேலூர் சத்துவாச்சாரியில பள்ளம் தோண்டும்போது அறுந்த கேபிளை ஒரு தம்பி ஒட்டினதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். இழையோட விட்டம் 125 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), ஒளி ஓடுற நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான். ஸ்பிரிட்ல துடைச்சு, நுனியை நறுக்கி, மெஷின்ல வெச்சதும் ஒரு பொறி. திரையில இழப்பு 0.02 டெசிபல்னு காட்டுச்சு. "ஒட்டினதே தெரியாது சார்"னார். அவ்வளவு சுத்தமான வேலை!

காற்று ஃபைபரை இதே சூட்டுல ஒட்ட முடியாது. சூடு கூடினா உள்ளே இருக்கிற மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் சுருங்கிடும். ஈசிஇ படிக்கிற நம்ம காட்பாடி, ராணிப்பேட்டைப் பிள்ளைங்க யாராவது இதை ப்ராஜெக்டா எடுத்தா இன்பாக்ஸ்ல வாங்க, உட்கார்ந்து பேசலாம்.