ஃபீஸ் இல்லாத நாட்டுக்கு வில்லங்கச் சான்று

காட்பாடி காந்தி நகர்ல ஜெராக்ஸ் கடை நம்மளுது. ஜெர்மனிக்குப் படிக்கப் போற பசங்க முன்னெல்லாம் மார்க்‌ஷீட், பாஸ்போர்ட்டோட முடிச்சுக்குவாங்க. 2022 நவம்பர்லேர்ந்து விசாவுக்கு ஏ.பி.எஸ். சான்று கட்டாயம். நம்ம சர்டிஃபிகேட் அசல்தானான்னு பார்த்துச் சொல்ல 18,000 ரூபாய். அதுக்கு தனியா ஒரு செட்.

இப்போ வீட்டுப் பத்திரமும் வருது. குடியாத்தத்துலேர்ந்து லுங்கித் தறிக்காரர் ஒருத்தர், மெக்கானிக்கல் முடிச்ச பொண்ணோட வந்தார். மஞ்சப் பையில பட்டா, வில்லங்கச் சான்று, அவரோட அப்பா காலத்து மூலப் பத்திரம். மடிச்ச இடமெல்லாம் நைஞ்சு போயிருந்துச்சு. ஃபீடர்ல விட்டா கிழிஞ்சிடும்னு கண்ணாடி மேல ஒவ்வொரு தாளா வெச்சு எடுத்தேன்.

"ஃபீஸே இல்லன்னாங்களேண்ணே, அப்புறம் இன்னாத்துக்கு வீட்டை வெக்கணும்?"

தறிக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகங்கள்ல 2014-லயே எல்லா மாநிலத்துலயும் ஃபீஸை எடுத்துட்டாங்க. ஆனா விசாவுக்கு ஒரு வருஷச் செலவை, 11,904 யூரோவை, முன்கூட்டியே முடக்கின கணக்குல போடணும். அங்க போனதும் மாசம் 992 யூரோவா எடுத்துக்கலாம். நம்ம காசுதான், யாரும் முழுங்கப் போறதில்ல. ஆனா 10 லட்சத்தைத் தாண்டுற அந்தக் காசு முதல்ல கையில இருக்கணுமே. கடன்னா பேங்க்குல சொத்து ஜாமீன் கேக்குறாங்க.

ஜெர்மனிக்காரங்க மேல எனக்குக் கோபமில்ல. அவங்க வரிப்பணத்துல நம்ம பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குறாங்க, வர்றவங்க பட்டினி கிடக்கக்கூடாதுன்னு கேக்குறாங்க. எரிச்சலெல்லாம் 'முற்றிலும் இலவசம்'னு ஃப்ளெக்ஸ் வெக்கிற ஏஜென்ட்டுங்க மேலதான். ஸ்டுட்கார்ட் இருக்குற மாநிலத்துல 2017-லேர்ந்து ஐரோப்பாவுக்கு வெளியேர்ந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-லேர்ந்து வாங்குது, முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 யூரோவுக்குக் குறையாது. இதை எந்த ஃப்ளெக்ஸ்ல போட்டிருக்கான்?

அந்தப் பொண்ணு விவரம். ரெண்டு ஊரையும் லிஸ்ட்லேர்ந்து ஏற்கெனவே அடிச்சுட்டாளாம். அப்பாதான் பத்திரத்தை லேமினேட் பண்ணிடலாமான்னு கேட்டார். வேணாம்ணே, பேங்க் வக்கீல் தகராறு பண்ணுவார்னு சொல்லி பிளாஸ்டிக் உறை போட்டுக் குடுத்தேன்.